கருப்பில் எந்தக் கருப்பு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று என் பழைய ஹெரால்டு காரின் பாடியைக் கழற்றித் தூக்கிவிட்டார்கள். வடாலாவில் மெக்கானிக் வேல்ராஜின் ஷெட்டில் சேஸி, அதாவது அடிச்சட்டம் மட்டும் கட்டைகள் மேல் கிடக்கிறது, எலும்புக்கூடு மாதிரி.

பதினோரு வருஷம் மும்பை மாட்டுங்காவில் எங்கள் பில்டிங்கின் கீழே உறை போட்டு நின்ற வண்டி. தீபாவளிக்குள் தன் இன்ஜினில் ஓடாத வண்டிகளை அப்புறப்படுத்தி, இடத்தை வேறு ஆளுக்குக் கொடுப்போம் என்று செக்ரட்டரி சாய்நாத் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். தெருவில் நிறுத்தினால் பழைய இரும்பு எடுக்கும் பங்கார்காரன் ஒரே வாரத்தில் தூக்கிவிடுவான். ஆக, அக்டோபர் இருபதுக்குள் ஹெரால்டு ஓட வேண்டும். இல்லையென்றால் எனக்கு ஹெரால்டு இல்லை.

"சேஸிக்கு என்ன கலரு சார்?" என்றார் வேல்ராஜ்.

கருப்பு என்றேன்.

"கருப்புல எது? பளபளப்பா, அரைப் பளபளப்பா, பளபளப்பே இல்லாம மேட்டா? எனாமலா, பவுடர் கோட்டிங்கா?"

அறுபத்திரண்டு வயது வரை கருப்பு என்றால் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 6

முப்பது வருஷம் இன்ஷூரன்ஸில் மோட்டார் கிளைம் பார்த்தவன் நான். மாதிரி பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. வீட்டிலிருந்து ஆறு எவர்சில்வர் மூடிகளை வேல்ராஜிடம் கொடுத்து ஆறு விதமாக அடித்துத் தரச் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டே வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 9

என் மனைவி பிரேமலதா: "ஏன்னா, சாம்பார் டப்பா மூடி எங்கே?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 14

சேஸியை மணல் அடித்துச் சுத்தம் செய்தாயிற்று. வெள்ளி மாதிரி இருக்கிறதாம். வேல்ராஜ் போனில் அவசரப்படுத்தினார். "இன்னைக்கே பிரைமர் அடிச்சிரணும் சார். மழைக் காத்து. வெறும் இரும்பு தாங்காது, பாத்துக்கிடுங்க."

பவுடர் கோட்டிங் என்றால் அடிப்பூச்சாக இந்தப் பிரைமர் ஆகாது, எனாமல் என்றால் ஆகும். நான் இன்னும் முடிவு செய்யவில்லையே! இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன். இரண்டு நாளில் என்ன ஆகிவிடும்?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மிளகாய்ப் பொடி தூவின மாதிரி இருந்தது. முழு சேஸியும்.

வேல்ராஜ் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "நான் சொன்னேன்லா சார்."

சொன்னார்தான். 'உரிமையாளரின் தாமதத்தால் பிடித்த துருவுக்கு நிறுவனம் பொறுப்பாகாது.' எத்தனை பேருக்கு நானே இப்படி எழுதி அனுப்பியிருக்கிறேன்! ஒருத்தர் ஆபீஸுக்கே வந்து அழுதார். அவரைத் தேடிப் போய் ஒரு காபி வாங்கிக் கொடுக்க வேண்டும் போலிருந்தது.

ஆகஸ்ட் 29

இன்னும் முடிவாகவில்லை. குறிப்பு மட்டும் நாற்பத்தொரு பக்கம் ஆகிவிட்டது.

செப்டம்பர் 7

மூடி விஷயம் எப்படியோ தெரிந்துபோய், பிரேமலதா தானே டாக்ஸி பிடித்து ஷெட்டுக்கு வந்துவிட்டாள். ஆறு கருப்பு மூடிகள் ஜன்னலில் வரிசையாக இருந்தன. நான் வாயைத் திறக்குமுன் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தாள். நான்காவதில் நின்றாள். அரைப் பளபளப்பு, எனாமல்.

"இது எண்ணெய் பழகின தோசைக்கல் மாதிரி இருக்கு. இதுதான். துருவை எடுத்துட்டு இதையே அடிங்கோ."

"அம்மா சொன்னா சரி" என்றார் வேல்ராஜ். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டாக்ஸியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். கோபம் ஒன்றும் பெரிதில்லை. அவள் சொன்னது சரி என்பதுதான் தாங்கவில்லை.

செப்டம்பர் 30

மறுபடி மணல், அன்றைக்கே பிரைமர். மழை விடக் காத்திருந்து இன்று எனாமல் அடித்தார்கள். தோசைக்கல்லேதான். அரை மணி நேரம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அழகு! நாளை ஆயுத பூஜை, ஷெட் லீவு. நன்றாகக் காயட்டும்.

அக்டோபர் 2

ஐயோ.

பூஜையில் வேல்ராஜின் மனைவி கனகவள்ளி கம்ப்ரெஸரிலிருந்து ஸ்பானர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறாள். சேஸிக்கும். காயாத பெயிண்டில் கட்டை விரலை அழுத்தி ஏழு இடத்தில்! குங்குமம் உள்ளேயே இறுகிவிட்டது. துடைச்சாலும் போகல, தேய்ச்சாலும் போகல. ரெண்டு மாசம்! ரெண்டு மாசம் பார்த்துப் பார்த்துப் பண்ணினேனே! கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. அந்த அம்மாள் முகம் வாடிவிட்டது.

"பூசைக்கு மொத நாளு முடிஞ்ச வேல இதான் சார், அதான் மொதப் பொட்டு இதுக்கு வச்சேன்" என்றாள்.

திரும்ப அடிக்கலாம், காய்ந்து முடியப் பத்து நாள், தீபாவளிக்குள் பாடி ஏறாது என்றார் வேல்ராஜ். இன்னொரு முறை 'இரண்டு நாள் பொறுங்கள்' என்று வாய் வரை வந்தது. மிளகாய்ப் பொடி ஞாபகம் வந்தது.

"பாடியை ஏத்துங்க" என்றேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

ஓடிற்று! வடாலாவிலிருந்து மாட்டுங்கா வரை, தன் இன்ஜினில், இரண்டே இரண்டு முறை நின்று. பாடிக்கு இன்னும் வெறும் சாம்பல் பிரைமர்தான். பரவாயில்லை, நோட்டீஸில் கலர் பற்றி ஒன்றும் இல்லை.

சாய்நாத் சும்மா விடுவாரா? ஆயில் ஒழுகுகிறதா என்று மொபைல் டார்ச்சோடு வண்டிக்கடியில் படுத்தார். இந்த உலகத்தில் என் சேஸியைப் பார்க்கப்போகிற ஒரே வெளியாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரைப் பளபளப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாரா?

"அரே, பூஜா பி ஹோ கயா!" என்று அடியிலிருந்து குரல் வந்தது. குங்குமப் பொட்டுகளைப் பார்த்துவிட்டு, பூஜைகூட ஆகிவிட்டதே என்கிறார். வெளியே வந்து கும்பிட்டுவிட்டு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார். இடம் எங்களுக்கே. கனகவள்ளிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். சிரித்தாள்.

அக்டோபர் 26

வேல்ராஜ் போன் செய்தார். பாடிக்கு என்ன கலர்? போனைப் பிரேமலதாவிடம் கொடுத்துவிட்டேன்.

"க்ரீம் கலர்" என்றாள் உடனே. பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "க்ரீம்ல அத்தனை இருக்கா?" என்றாள்.

அக்டோபர் 28

இன்று எந்த டப்பாவுக்கும் மூடி இல்லை. சாம்பாரைத் தட்டால் மூடி வைத்திருக்கிறாள். மூடியெல்லாம் க்ரீம் அடிக்க வேல்ராஜின் ஷெட்டுக்குப் போயிருக்கின்றன.