குழாய்க்கு எதிராக ஒரு கையெழுத்து

1987 மார்ச் 3, செவ்வாய்
கவுண்டி, அதாவது எங்கள் மாவட்ட நிர்வாக அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. எங்கள் தெருவை ஒரு மேம்பாட்டு வட்டாரமாக்கி, நகரத்துக் குடிநீர்க் குழாயை இங்கு வரை நீட்டப் போகிறார்கள். கவுண்டி கடன் பத்திரம் விற்றுச் செலவைச் சமாளிக்கும். தெருவோரம் யாருக்கு எத்தனை அடி நிலமோ அதற்கேற்ப நாங்கள் அந்தக் கடனை வருடாவருடம் அடைக்க வேண்டும். இரண்டாம் முறை படிக்கும்போது சூப் தீய்ந்துவிட்டது.

மார்ச் 7, சனி
தெருவுக்கு எதிரே மாட்டுத் தீவனப் புல் வயல் வைத்திருக்கும் ராஸ்கோ டன்லப் லாரியிலிருந்து இறங்காமலே ஒரு எதிர்ப்பு மனுவை நீட்டினான்.
"என் பங்கைப் பார்த்தியா ஆல்டன்? கிடாரிங்களை வித்தாத்தான் கட்ட முடியும். உன் கிணறு நல்லாத்தானே இருக்கு? கையெழுத்தைப் போடுப்பா. கோணமானி வெச்சு அளக்கணுமா, வாத்தியாரே?"
போட்டுவிட்டேன். ஏன்? இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தானே, அதனாலா?

மார்ச் 8, ஞாயிறு
பக்கத்து வீட்டு மார்லிஸ் வேலியோரம் நின்றாள். பள்ளியில் என்னிடம் வடிவியல் படித்தவள். அவள் கிணற்றுத் தண்ணீர் கைக்குழந்தைக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பால்மாவு கலக்கக்கூடக் கடைத் தண்ணீர்தான்.
"பதினோரு வீட்டுல பத்துப் பேர் குழாய் வேணுங்கிறோம் சார், உங்களையும் சேர்த்து. ராஸ்கோ ஒருத்தர் என்ன பண்ணிட முடியும்?"
"குளிர் கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்றேன். சே.

மார்ச் 12, வியாழன்
நூலகத்தில் விதிகளைப் படித்தேன். தலைகளை எண்ணுவதில்லை, செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் கணக்கு. எதிர்ப்பவர்களின் பங்கு பாதியைத் தாண்டினால் திட்டம் அதோடு சரி. எழுதித் தராதவன் சம்மதித்தவனாம்.
ராஸ்கோவின் வயல் மட்டும் பாதியைத் தொடாது. என்னுடையது மூலை மனை — இரண்டு பக்கமும் தெரு, இரண்டும் கணக்கில் சேரும். இருவரும் சேர்ந்தால் தாண்டுகிறது.
வாழ்நாளெல்லாம் வாயைத் திறக்காதவன் நான். பேசாமல் இருந்தாலே போதும் என்ற ஓரிடத்தில் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
ஏப்ரலில் கவுண்டி நடத்தும் பொது விசாரணை முடிவதற்குள் எழுதித் தந்து கையெழுத்தைத் திரும்பப் பெறலாம். அதுவும் விதியில் இருக்கிறது. ஆனால் அவன் கிடாரிகள்? அவன் சொன்னது பொய்யில்லையே.

மார்ச் 15
ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 21, சனி
ராஸ்கோவிடம் முதலில் சொல்வதுதான் முறை என்று போனேன். தொழுவத்தில் ஒரு பசு கன்று போட முடியாமல் திணறிக்கொண்டிருந்தது.
"கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கப் போறேன், ராஸ்கோ. மார்லிஸ் குழந்தைக்கு நல்ல தண்ணி வேணும்."
"முதல்ல அந்தக் கயித்தைப் பிடி."
பிடித்து இழுத்தேன். கன்று விழுந்தது. மூச்சு வந்தது. அவன் கை கழுவியபடி திரும்பாமலே பேசினான்.
"குழந்தைக்குத்தான்னா அவ எங்கிட்டயே வந்து கேட்டிருக்கலாம். எல்லாரும் என் வயலை வெச்சே கணக்குப் போடுறீங்க."
"ஆமா" என்றேன்.
"வீட்டுக்குப் போய்யா."

ஏப்ரல் 7, செவ்வாய்
விசாரணை. கடிதத்தைத் தந்து, கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னேன்; கேட்கவில்லை என்று கவுண்டி ஆணையர் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். எதிர்ப்பு பாதிக்குக் கீழே இறங்கியது. திட்டம் நிறைவேறியது. மார்லிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ராஸ்கோ அதற்குள் போய்விட்டான்.

ஜூன் 14, ஞாயிறு
இங்கே எதிரே வண்டி வந்தால், முன்பின் தெரியாதவனுக்குக்கூட ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவோம். இன்று எதிரே வந்த ராஸ்கோ தூக்கவில்லை. கிடாரிகள் ஏலத்துக்குப் போய்விட்டன என்றார்கள். நான் செய்தது சரிதானா? தண்ணீர் விஷயத்தில் சரி. மற்றதில் தெரியவில்லை.

அக்டோபர் 10, சனி
கதவு தட்டும் சத்தம். ராஸ்கோ. கையில் கவுண்டியின் கடிதம்.
"பத்திரம் விக்கிறதுக்கு முன்னால மொத்தமாக் கட்டினா வட்டி இல்லையாம். இல்லேன்னா தவணையாம். எது நல்லது? நீதான் விதியெல்லாம் கரைச்சுக் குடிச்சவனாச்சே."
சமையலறை மேசையில் உட்கார்ந்து இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தோம்.
"தவணையே நல்லதுன்னு நினைக்கிறேன். கிடாரி வித்த காசுல புதுசா மாடு பிடிச்சுக்கலாம்."
"நிச்சயமாவா?"
"நிச்சயமாச் சொல்ல முடியாது."
"உன்கிட்ட வந்து கேட்டேன் பாரு" என்றான்.
தொப்பியைக் கழற்றவில்லை. ஆனால் காபி தீர்ந்ததும், இன்னும் ஊற்று என்பதுபோல் கோப்பையை என் பக்கம் நகர்த்தினான்.