நிலோ வருவதற்குள் ஒரு கட்டில்

ஜூலை 7, திங்கள். மழை.

மட்டாஞ்சேரி வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது: எங்கள் வீட்டு நீல பக்கெட் இன்று காலை பிடி கழன்று குளியலறையில் காலமானது. அன்னாருக்கு ஒரு குவளையும் ஒரு சோப்புப் பெட்டியும் உள்ளனர். கொலையாளி நானல்ல. ஆனாலும் இந்த வீட்டில் எது உடைந்தாலும் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான்.

இரண்டாவது செய்தி, சின்னது. லிஸி சேச்சி போன். என்னைப் போன்ற பிள்ளைகளுக்கு வீடு தேடிக் கொடுப்பதும், கொடுத்த பிறகு வந்து வந்து பார்ப்பதும் அவர் வேலை. நிலோவையும் இங்கேயே விடலாம் என்று கமிட்டியில் வாதாடி வைத்திருக்கிறார். கூடப்பிறந்ததுகளைப் பிரித்து வைக்கக் கூடாதாம். வியாழக்கிழமை வீடு பார்க்க வருகிறார். வீடு பிடித்தால் நிலோ வருவாள். இல்லையென்றால் இல்லை.

நிலோ என் தங்கை, எட்டு வயது. ஆலுவாவில் பிள்ளைகள் இல்லத்தில். அம்மா ஆஸ்பத்திரியில், மனசு சரியாகும்வரை. நான் இங்கே மாமா மாமி வீட்டில். சொந்த மாமா மாமி இல்லை, கூப்பிட ஏதாவது வேண்டுமே. சிலர் மீன் வளர்ப்பார்கள், சிலர் புறா. இவர்கள் என்னை.

எனக்கு இது மூன்றாவது தொட்டி. முதல் வீட்டில் சர்க்கரை டப்பாவில் உப்பு. இரண்டாவது வீட்டில் ஞாயிற்றுக்கிழமையை வெள்ளி என்று நம்ப வைத்து குடும்பத்தையே யூனிஃபார்மில் கிளப்பினேன். இரண்டு வீடும் தோல்வியை ஒப்புக்கொண்டு என்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டன. ரியாஸ் 2, வீடுகள் 0.

(தமிழில் எழுதுவதன் ரகசியம்: இந்த வீட்டில் தமிழ் பேசுவார்கள், மலையாளம்தான் படிப்பார்கள். பூட்டு வாங்கும் செலவு மிச்சம்.)

ஜூலை 8, செவ்வாய். மழை. நடுவில் ஏமாற்று வெயில்.

மாமி உத்தரவு. வியாழன்வரை வாலைச் சுருட்டி வைக்க வேண்டும். தடை செய்யப்பட்டவை:
– மசாலா கிடங்கு வாசல் ஆட்டுக்கு மாமாவின் தொப்பி மாட்டுதல்
– மீன்காரச் சேட்டன் குரலில் மாடியிலிருந்து கூவுதல்
– சிரிப்பு (சில வகை)

"ஒழுங்கா இருக்கற மாதிரி இருந்தாப் போதும்டா. நெஜமாவே ஒழுங்கா இருன்னு நான் கேக்கலை."

பள்ளி, வீடு. வீடு, பள்ளி. விளையாட்டு விழாவில் எலுமிச்சை ஓட்டம் வைப்பார்களே, அதுதான் இப்போது நான். வாயில் ஸ்பூன், ஸ்பூனில் எலுமிச்சை, எலுமிச்சையில் நிலோ. தும்மவும் பயம்.

சாயங்காலம் நிலோவிடம் போனில் பேசினேன். பழைய இரண்டு வீட்டு வெற்றிக் கதைகளை மறுபடி கேட்டாள்.

"அப்ப நாமதான் அவங்களை வேணாம்னு சொன்னோமா?"

"பின்னே?"

ஜூலை 9, புதன். மூட்டம்.

'குட்டிக்குப் படுக்கத் தனி இடம் வேணும்' என்று லிஸி சேச்சி சொன்னதை மாமா 'கட்டில்' என்று எடுத்துக்கொண்டார். மாமாவுக்கு யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடையில் வேலை. புதுச் சாமானைப் பழசாக்குவது. நாளை ஒருநாள் மட்டும் கடைக் கட்டிலை இரவல் வாங்குகிறாராம். ராஜா காலத்துக் கட்டில். பிறந்தது போன மாதம், மாமா கையால்.

"அதுல மயில்லாம் செதுக்கியிருக்கு. பாத்தா ஆபீஸர் அசந்துருவாங்க."

"அவங்க கட்டில் வாங்க வரலை," என்றார் மாமி.

தட்டில் பாதியை வைத்துவிட்டேன். கப்பைக்கிழங்கு நன்றாக இருந்தும்.

ஜூலை 10, வியாழன். பேய் மழை.

கட்டில் வந்தது. கீழேயிருந்து மாமாவும் இரண்டு சுமைக்காரச் சேட்டன்களும் தள்ள, மேலேயிருந்து நான் இழுக்க, மாடிப்படி திரும்பும் இடத்தில் சிக்கிக்கொண்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

நிலவரம்:
மேலே: நான், அறை, கம்பி போட்ட ஜன்னல்.
கீழே: சாப்பாடு, கக்கூஸ், உலகம்.

படியில் மாட்டியது கட்டில். கட்டிலில் மாட்டியது நான். காலமான பக்கெட்டுக்குக் கயிறு கட்டி, மயிலுக்கு மேலிருந்த சந்து வழியாக மாமி சாயா ஏற்றி அனுப்பினார். மறுபிறவி.

சொன்ன நேரத்துக்கு முன்பே லிஸி சேச்சி. நனைந்த குடை, கையில் ஃபைல். படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதெந்தா ரியாஸே, ஜெயிலா?"

"அரண்மனை, சேச்சி. கதவுதான் பெரிசு."

பிள்ளையின் சம்மதத்தைத் தனியாகக் கேட்க வேண்டும் என்பது சட்டம். எல்லோரையும் வாசலுக்கு அனுப்பிவிட்டு சேச்சி படியில் உட்கார்ந்தார். மயிலின் கழுத்துக்கும் தோகைக்கும் நடுவில் ஓர் ஓட்டை. அதில் அவருடைய ஒரு கண் மட்டும்.

"நிலோ வர்றதில நினக்கு சம்மதமா?"

"என் அலமாரியில பாதி போயிரும்."

"அது சம்மதமா, இல்லையா?"

"பாதி போதும் எனக்கு."

"பயம் ஏதாவது உண்டோ மோனே?"

"எனக்கா? ரெண்டு வீட்டை ஓட விட்டவன் சேச்சி நான்."

சேச்சி சிரிக்கவில்லை. எழுதவும் இல்லை. அந்த ஒரு கண் அப்படியே இருந்தது. கீழே இறங்கி ஓட எனக்குத்தான் வழியில்லை.

பிறகு மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னார். "இக்கா, ஒரு பாய் போதும். குட்டிக்கு சொந்தமா ஒரு மூலை, சாத்தறதுக்கு ஒரு கதவு. ராஜா கட்டிலொண்ணும் வேண்டா." மாமா முகம், பழசாக்கத் தேவையே இல்லை.

மத்தியானம் ஆசாரி வந்து கால்களைக் கழற்றினார். எல்லாம் ஸ்க்ரூ. அசல் பழசாக இருந்திருந்தால் நான் இன்னும் மேலேயே.

ஜூலை 11, வெள்ளி.

கமிட்டியின் சம்மதம் வந்துவிட்டது. முதலில் ஒரு மாதம் பார்ப்பார்களாம், பிறகு முடிவு. என் அறை இனி நிலோவுக்கு. எனக்குக் கூடம். மாமி பழைய சேலையைக் கிழித்துத் திரை தைத்தார். ஒரு மாதம் வால் கிடையாது. மூச்சு முட்டுகிறது.

ஜூலை 12, சனி. தூறல்.

நிலோ வந்தாள். ஒரு பை. மாமி அலமாரியைத் திறந்து காட்டியும் பையின் ஜிப்பைத் திறக்கவில்லை, தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். மாமி வற்புறுத்தவில்லை. போன வருஷம் என்னிடமும் வற்புறுத்தவில்லை.

ஜூலை 13, ஞாயிறு. மழை இல்லை.

காலைச் சாயா. மாமா ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். மாமி ஒரு வாய் குடித்துவிட்டு சர்க்கரை டப்பாவை முகர்ந்தார். உப்பு.

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் நிலோவைப் பார்த்தேன். அவள் எனக்குக் கண்ணடித்தாள். ஒரு கண் மட்டும் மூடத் தெரியாது, இரண்டையும் மூடினாள். எலுமிச்சை கீழே விழும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

"நான்தான்," என்றேன்.

"நீ பால் வாங்கப் போயிருந்தேல்ல," என்றார் மாமி.

மாமா இன்னொரு வாய் குடித்துப் பார்த்து, "கடல்ல சாயாத்தூள் கொட்டின மாதிரி இருக்கு," என்றார்.

மாமி டப்பாவைக் கழுவப் போட்டார். "உப்பை யாரு போட்டிருந்தாலும் சரி. நாளைக்கும் இந்த அடுக்களையிலதான் சாயா குடிக்கணும். வேற எங்கயும் அனுப்பறதா இல்லை."

ஆயுள் தண்டனை. அப்பீல் கிடையாது.

நிலோவை மாடிக்கு இழுத்துப்போய்க் கேட்டேன். "உனக்கு இங்க இருக்கப் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. அதான். அவங்க சொல்றதுக்கு முன்னாடி நாம வேணாம்னு சொல்லிரணும்ல? நீதானே அண்ணே சொன்னே."

அப்போது அவளிடம் நான் சொன்னதை இங்கே திரும்ப எழுதுகிறேன். முதல் வீட்டில் நான் உப்பு போடவில்லை. இரண்டாவது வீட்டில் ஞாயிறு ஞாயிறாகத்தான் இருந்தது. இரண்டு இடத்திலும் சாப்பிட்ட தட்டைக் கேட்காமலே கழுவி வைத்தேன், சத்தமாகச் சிரிக்கக்கூட இல்லை. அப்படியும் ஒருநாள் பையைக் கட்டச் சொன்னார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. அதனால் நானே காரணம் செய்துகொண்டேன். சேட்டையெல்லாம் இந்த வீட்டுக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டது.

நிலோ என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப நீ நல்ல பையனா?"

வெளியே சொல்லிவிடாதே என்று கெஞ்சியிருக்கிறேன்.