கடைமடைக்கு முதல் தண்ணீர்

லண்டன்
14.2.1985

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு, சண்முகராஜ் வணங்கி எழுதுவது. நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

நானும் பாண்டியம்மாள் அத்தை மகன் சுயம்புவும் கம்ப்யூட்டரில் செய்த விளையாட்டைப் பற்றி எழுதியிருந்தேனே. அணையிலிருந்து நம் லோயர் கேம்ப்பில் இறங்கும் தண்ணீரை, நம் வாய்க்காலில் முறை வைப்பது போல, வாய்க்கால் முடிகிற கடைமடை வயலுக்கு முதலில் விடுபவர்தான் அதில் ஜெயிப்பார். துப்பாக்கி இல்லாத விளையாட்டு விற்காது என்று ஒரு பெரிய கம்பெனி திருப்பி அனுப்பியது. "ஏலே, அவுக துணிய மாட்டாக. நாமளே விளையாட்ட கேசட்ல ஏத்தி விப்போம்" என்று தைரியம் சொன்னவன் சுயம்புதான். இங்கே என் அறையிலேயே இருந்தவன், தீபாவளி கழிந்ததும் வேறு ஊரில் வேலை என்று கிளம்பினான். நான்தான் ரயிலேற்றிவிட்டேன்.

சனிக்கிழமை கடையில் அந்தக் கம்பெனியின் புது விளையாட்டைப் பார்த்தேன். நம் வாய்க்கால், நம் மடை. செய்தவர் என்று சுயம்புவின் பெயர் மட்டும். ஆடிப் பார்த்தேன். மடைக்கு வருகிறவர்களைச் சுட வேண்டுமாம். நான் பழக்கத்தில் கடைமடைக்குத் திறந்துவிட்டேன். தோற்றுவிட்டேன் என்று காட்டியது. கடைக்காரர் சிரித்தார், நானும் சிரித்துவைத்தேன்.

என்னிடம் சொல்லாமல் அவர்களுக்கு விற்றதைக்கூட விடுங்கள். அவன் வீட்டு வயலும் கடைமடைதானே அப்பா?

அத்தையிடம் சொல்ல வேண்டாம். எனக்கு வேலை இருக்கிறது, கவலைப்படாதீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பினால் சின்ன பாட்டில் போதும். இனி ஓர் ஆள்தான்.

உங்கள் மகன்
சண்முகராஜ்