முட்டை திருடியது செய்போனே அல்ல

அன்புள்ள மகன் மொதுசிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஆடுகளும் சுகம். அந்தத் துறைமுகத்துக் குளிரில் நீயும் சளி பிடிக்காமல் சுகமாயிருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன். மழை பெய்து சோளம் முழங்கால் உயரம் நிற்கிறது. உன் மனைவி செய்போனே போன வாரம் தாய்வீட்டுக்குப் போனதைச் சொல்லியிருப்பாள், ஏன் போனாள் என்று சொல்லியிருக்க மாட்டாள், அவள் குணம் அப்படி. நான்தான் விரட்டினேன், மகனே. உட்கார்ந்து படி.

கோழிக்கூட்டில் முட்டை குறைந்துகொண்டே வந்தது. கூட்டுக்குப் பின்னால் கையில் வைத்து நசுக்கி மடித்த மாதிரி ஓடுகள் கிடந்தன, உள்ளே ஒரு சொட்டு இல்லை. பிள்ளைத்தாய்ச்சி முட்டை தின்னக் கூடாது என்பது நம் வழக்கமாயிற்றே, அதனால் இவள் தின்றுவிட்டு ஓட்டை ஒளிக்கிறாள் என்று நான் துப்பறிந்தேன். உன் அம்மாவின் மூளை அவ்வளவு கூர்மை. "ஏழு மாசக்காரி, நாக்கை அடக்க முடியலையா? பிறக்கிற பிள்ளையும் திருடனாத்தான் பிறக்கும்" என்று வாசலில் நின்று கத்தினேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

மூன்றாம் நாள் விடியும்போது கூட்டைத் திறந்தால், கட்டைவிரல் அளவு தலையுள்ள ஒரு பாம்பு முழு முட்டையைக் கவ்விக்கொண்டு கிடக்கிறது. முட்டை கழுத்துக்குள் இறங்கி மளுக்கென்று உடைந்தது, கொஞ்ச நேரத்தில் மடித்த ஓட்டை மட்டும் வெளியே துப்பியது. அதே ஓடு! நான் அலறியதும் சுருண்டு, செதிலோடு செதில் உரசிச் சீறி, கறுத்த வாயைப் பிளந்து பாய்ந்தது. விரியன் என்று நினைத்து இந்த உடம்போடு தண்ணீர்ப் பீப்பாய் மேல் ஏறிவிட்டேன். ஏறத் தெரிந்தது, இறங்கத்தான் தெரியவில்லை. பக்கத்து வீட்டு செபினா வந்து வெறுங்கையால் அதைத் தூக்கினார். "இறங்குங்க மொதுசி அம்மா, இது முட்டைத்தின்னி. கடிக்க வாயில பல்லே கிடையாது, விரியன் மாதிரி வேஷம் போடுது. பறவைங்க முட்டை போடுற காலத்துல தின்னாத்தான் உண்டு, அப்புறம் மாசக்கணக்கா பட்டினி" என்றார். கொல்லச் சொன்னேன். "முட்டைக்காக இன்னும் எத்தனை பேரை விரட்டுவீங்க?" என்று கேட்டுவிட்டுக் கரையான் புற்றருகே விட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் என்னை இறக்கிவிட்டார்.

அன்றே பஸ் ஏறி, சம்பந்தி வீட்டில் எல்லார் முன்னாலும், "திருடினது பாம்பு, முட்டாள் நான்" என்றேன். செய்போனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அப்புறம் அழுதாள். "அம்மா, ரெண்டு முட்டை நான்தான் எடுத்தேன். பசி தாங்கலை" என்றாள். என் கூழ்ப்பானைக்குப் பக்கத்திலேயே பசித்திருந்திருக்கிறாள், கேட்கப் பயந்திருக்கிறாள். நேற்றுத் திரும்பி வந்தாள். இன்று காலை இரண்டு முட்டை அவித்து, உரித்தும் கொடுத்தேன். சபைப் பெண்களிடம் மூச்சு விடாதே.

ஆண்டவர் உன் கையையும் காலையும் காக்கட்டும். பிள்ளை பிறக்கும் மாதத்துக்கு இப்போதே லீவு எழுதிக் கொடு. என்னைத் திட்டி எழுதுவதானால் தாராளமாக எழுது, ஆனால் கடிதத்தை அவள் பேருக்கு அனுப்பு. வாசித்துக் காட்டட்டும், அவளுக்கும் என்னைத் திட்டக் கொஞ்சம் ஆசை இருக்குமல்லவா.

உன் அம்மா,
கெனெயில்வே