தாமரைத்தின்னியின் தன்னிலை விளக்கம்

என் வாலுக்கு, உன்னை வளர்த்த சித்தப்பன் எழுதுவது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் தனிக்கட்சி தொடங்கியிருக்கிறது. அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க வேண்டும். ஃபோனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் என்னை லோட்டஸ் ஈட்டர் என்றாய். கிரேக்கக் கதையில் தாமரையைத் தின்றுவிட்டு வேலைவெட்டியில்லாமல் கனவு கண்டு கிடப்பார்களாம், அங்கே போன மாலுமிகளும் தின்று வீட்டையே மறந்தார்களாம், நானும் அந்த வம்சமாம். நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன் என்று மாடித் தையல்கார அம்மா கோள் மூட்டியிருக்கிறாள். முப்பத்தாறு வருஷம் ரயிலில் கார்டு வேலை, நான் பச்சைக்கொடி காட்டாமல் சூரியனே உதித்ததில்லை, இப்போது கொஞ்சம் உட்கார்ந்தால் பூமி நின்றுவிடுமா? அந்த ஜன்னலிலிருந்து பஸ் நிறுத்தம் தெரிகிறது. பெட்டியோடு யார் இறங்கினாலும் உன் நடையா என்று பார்ப்பேன், அவ்வளவுதான் என் கனவு. எனக்கு உன் அறைக் கதவின் கிரீச்சுகூட மறக்கவில்லை. அப்படியானால் அந்தப் பூவைத் தின்றது யார் என்று நான் கேட்கப் போவதில்லை.

அந்த அம்மா மிஷின் போட உன் அறையை வாடகைக்குக் கேட்டாளே, சும்மாதானே கிடக்கிறது, கொடுத்துவிடுங்கள் என்று நீயும் சொன்னாய், நானும் தலையாட்டினேன். நேற்று ஆட்கள் கட்டிலைப் பிரிக்க வந்தார்கள். நான் வாசலை மறித்து நின்றேன், யானைப்படை வந்திருந்தாலும் அசைந்திருக்க மாட்டேன். சம்மதம் சொல்லிவிட்டு இது என்ன சார் கூத்து என்று அவள் கேட்க, என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது: "அடுத்த மாசம் என் பொண்ணு வரா. அவ எங்க படுப்பா?" மூன்று வருஷமாக நீ சொல்லும் வசனம்தான், கடன் வாங்கிக்கொண்டேன். சண்டைக்கு வருவாள் என்று மார்பை நிமிர்த்தினால், ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள். சாயங்காலம் தானே தைத்த தலையணை உறை ஒன்றைக் கொண்டுவந்து, பொண்ணுக்குப் போடுங்க என்று நீட்டினாள். அத்தனை பெரிய வீரனான நான் அதை வாங்கும்போது தரையைத்தான் பார்த்தேன்.

உறையைப் போட்டுவிட்டேன். உன்மேல் குறையில்லை, வேலை அப்படி. வர முடியாதென்றால் மாதம் முடிவதற்குள் ஒரு வரி எழுது, அறையைக் கொடுத்துவிடுகிறேன். சத்தியமாக வருத்தப்பட மாட்டேன், இந்தக் கடிதத்தில் நான் சொல்லும் மிகப் பெரிய புளுகு இதுதான்.

நூறு வயது நன்றாயிரு. குளிருக்குக் காதை மூடிக்கொள். பதில் போட மறக்காதே.

உன்
சித்தப்பன்