ஏரிக்கரை வீட்டில் மூன்று சமையலறை

என் கண்ணான பாக்கியத்துக்கு,

இதை எழுதுவது நான்தான், ஆள் வைத்து எழுதவில்லை. பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறிய பிறகு முத்தியால்பேட்டையில் முதியோர் வகுப்பு தொடங்கினார்கள். நீ கண் மூடிய பிறகு, வீட்டில் சொல்லாமல் ஒரு வருஷமாகப் போகிறேன். ஒரு வரி முடிவதற்குள் வாயில் போட்ட வெற்றிலை தீர்ந்துவிடுகிறது. ஆனாலும் என் கையிலிருந்து எழுத்து வருவதைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது.

சேதி மட்டும் எரிச்சலானது. சைகோனிலிருந்து திரும்பிய பெரியவன் ஊசுட்டேரிக் கரையில் மனை வாங்கியிருக்கிறான். நம் மூன்று பிள்ளைகளும் குடும்பத்தோடு சனி, ஞாயிறு வந்து தங்க ஒரு வீடு. நான் கேட்டது ஒன்றுதான்: ஒரே அடுப்பு. அடுப்பு பிரிந்தால் குடும்பமும் பிரிந்தது என்றுதானே நாம் இருந்தோம்?

"ஒரே அடுப்புதான் நைனா" என்று பெரியவன் மேஸ்திரி போட்ட வரைபடத்தை என் முன்னால் விரித்தான். விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன். ஏரியைப் பார்த்தாற்போல் 'நைனா அறை'. எவ்வளவு சந்தோஷம். பக்கத்தில் 'சமையலறை'. கொஞ்சம் தள்ளி இன்னொரு சமையலறை. பின்பக்கம் மூன்றாவது.

"ஒண்ணுன்னியே, மூணு எழுதியிருக்கேடா?"

அவன் வெலவெலத்துப் போனான். நான் படிப்பேன் என்று யாருக்குத் தெரியும்? முதல்முதலாக நானே படித்தது என் பிள்ளையின் பொய்யை.

பெரிய மருமகள்தான் வாயைத் திறந்தாள். "அவரத் திட்டாதீங்க மாமா. நான்தான் போடச் சொன்னேன். ஒரே அடுப்புன்னா பதினெட்டுப் பேருக்கும் ஒருத்தியே வேவணும். அத்த ஒருநாளாவது அந்த ஏரியப் பாத்திருக்காங்களா?"

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

காணும் பொங்கலுக்கு வருஷா வருஷம் அங்கே போவோமே. காற்றில் தீ அணையும் என்று மரத்துக்குப் பின்னால் கல் கூட்டி, தண்ணீருக்கு முதுகு காட்டித்தானே உட்காருவாய்? தண்ணீரில் நின்றுகொண்டு "கொழம்பு ஆச்சா?" என்று கத்துவேன். நீயும் வா என்று ஒருமுறையாவது கூப்பிட்டேனா?

நேற்று பென்சிலை எடுத்து மூன்று சமையலறையையும் அடித்தேன். 'நைனா அறை'யையும் அடித்து, அங்கே 'சமையலறை' என்று எழுதினேன்.

"நீங்க எங்க படுப்பீங்க?" என்றான் பெரியவன்.

"அடுப்புப் பக்கத்துல. காலையில நான்தான மூட்டப் போறேன். அடுத்த வாரம் நீ, அப்பறம் தம்பிங்க."

பிள்ளைகள் மூவரும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். மருமகள் மட்டும், "மொதல்ல ஒல வைக்கத் தெரியுமா மாமா?" என்றாள்.

தெரியாது. இந்த வயதில் 'ழ' எழுத வந்துவிட்டது, உலை வைக்க வராதா? அந்த வீட்டில் முதல் ஞாயிறு சோறு நான் வடிப்பேன். குழைந்தாலும் உனக்குத்தான் முதல் இலை. ஜன்னலோரம் போடுவேன், தண்ணீரைப் பார்த்து.

தன் கையாலேயே எழுதும்,
உன் புருஷன் கோவிந்தன்