மாடியறைப் பையன்

அன்புள்ள அப்பாவுக்கு, சுஜாதா வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? அம்மா சுகம்தானே? மாமல்லபுரத்து விடுதி வேலையில் எனக்கு ஒரு குறையுமில்லை.

நான் குடியிருக்கும் வீட்டு மாடியில் ஹேமந்த் என்றொரு பையன் இருந்தான். கஞ்சா குடிப்பான். அவன் கூட்டாளிகளுக்கு அது சிகரெட் மாதிரிதான். தெருக்காரர்களுக்கோ அவன் முகத்திலேயே விழிக்கப் பிடிக்காது. போன வாரம் வாந்தியெடுத்து, நடுங்கிக்கொண்டு படிக்கட்டில் கிடந்தான். போலீசுக்குப் பயந்து கூட்டாளிகள் ஓடிவிட்டார்கள். தெருவிலும் யாரும் கிட்டே வரவில்லை.

"உனுக்கு இன்னாத்துக்கும்மா இந்த பேஜாரு?" என்றார் வீட்டுக்காரர் காசிநாதன்.

நான்தான் ஆட்டோ பிடித்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் என் கையை விடவேயில்லை. "எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா" என்றான். பிழைத்துவிட்டான். ஆனால் காசிநாதன் அறையைக் காலி செய்ய வைத்துவிட்டார். எங்கே போனானோ தெரியவில்லை.

நீங்கள் கவலைப்பட இதில் ஒன்றுமில்லை. ஊறுகாய் தீர்ந்துவிட்டது. அம்மாவைப் போடச் சொல்லி, தம்பி ஆனந்தனிடம் கொடுத்தனுப்புங்கள். ஹேமந்துக்கு இருந்த அதே பழக்கத்துக்காக நீங்கள் வீட்டைவிட்டு அனுப்பிய ஆனந்தன் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில்தான் படுத்திருக்கிறானாம். நீங்களே போய்க் கூப்பிடுங்கள், அப்பா. வீட்டில் சாப்பிட வைத்து, பஸ் ஏற்றிவிடுங்கள். கொஞ்ச நாள் என்னோடு இருக்கட்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
சுஜாதா